ஆப்பிளும் நான்காவது சுவரும்

ரெனே மகரித் 1952இல் வரைந்த 'கேட்கும் அறை'. மூல ஓவியம் ஹூஸ்டனில், மெனில் தொகுப்பில் இருக்கிறது. என் மேசையில் இருப்பது அச்சுப் பிரதி. பலகைத் தரை, வெள்ளைக் கூரை, இடப்புறம் ஒரு ஜன்னல். அறையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பச்சை ஆப்பிள்.

ஆப்பிளில் விகாரம் எதுவும் இல்லை. அறையும் சாதாரண அறைதான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நாட்காட்டியில் அச்சடிக்கத் தக்கவை. பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

*

கூரையைக் கையால் மறைத்துப் பார்த்தேன். உடனே அது பழக்கடை விளம்பரமாகிவிட்டது. கையை எடுத்ததும் நெருக்கம் திரும்பி வந்தது. ஜன்னலை மறைத்தபோது வேறு மாதிரி. ஆப்பிள் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது, எனக்கு அதில் அக்கறை போய்விட்டது. வெளிச்சம் வரும் வழி கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடைபட்டிருப்பது உறைக்கிறது போலும்.

*

கதவு எங்கே? படத்தில் இல்லை. இருந்தால் நமக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் நாம் வெளியே நின்று எட்டிப் பார்க்கவில்லை. ஆப்பிளுக்கும் கண்ணுக்குத் தெரியாத நான்காவது சுவருக்கும் நடுவே மிச்சமிருக்கும் சிறு இடத்தில் நிற்கிறோம். சட்டகத்தை இன்னும் அகலமாக வைத்து, ஒரு நடைவழியையோ வாசலையோ சேர்த்திருந்தால் இது வேடிக்கைப் படமாக முடிந்திருக்கும்.

*

நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஆப்பிள் பெருத்ததா, அறை சிறுத்ததா என்று தீர்ப்புச் சொல்ல அளவுகோல் இல்லை. பொம்மை வீட்டில் வைத்த பழமாகவும் இருக்கலாம். அதே ஆண்டு வரைந்த 'சொந்த மதிப்புகள்' படத்தில் கட்டிலும் அலமாரியும் உண்டு. அவற்றுக்கு நடுவே ஆளுயரச் சீப்பும் கண்ணாடிக் கோப்பையும். அதைப் பார்த்து உடம்புக்கு ஆகவில்லை என்று அவருடைய ஓவிய வணிகர் அலெக்சாண்டர் இயோலாஸ் குறைப்பட்டுக்கொண்டார். உயிருள்ள ஓவியம் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதுபோல் மகரித் பதில் எழுதினார். குமட்டல் என்றால் எனக்குப் புரிகிறது, அங்கே பொருள்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. ஆப்பிளோ யாரோடும் சண்டைக்கு வரவில்லை, அமைதியாக இருக்கிறது. நகரச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

*

இளமையில் சுவர்த்தாள் ஆலையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர் மகரித். பிரசெல்ஸ் அருகே ஜெட்டில் குடியிருந்த காலத்தில் தோட்டத்தில் தனிக் கூடம் இருந்தும், பெரும்பாலும் சாப்பாட்டு அறையிலேயே வரைந்தார். சர்ரியலிசம் என்றதும் பாலைவெளியும் உருகும் கடிகாரமும் நினைவுக்கு வருகின்றன. இந்த மனிதருக்கு நாலு சுவர் போதுமாக இருந்தது. எனக்கு அந்தக் கடிகாரத்தை வரைந்த டாலியைவிட இவரிடம்தான் பயம் அதிகம்.

*

1960இல் அதே ஏற்பாட்டில் ஆப்பிளுக்குப் பதில் சிவப்பு ரோஜாவை வைத்தார்: 'மல்லர்களின் கல்லறை'. அங்கேயும் அறை நிறைந்திருக்கிறது, எனக்குத் திணறல் மட்டும் வரவில்லை. இதழ்களுக்கு நடுவே மடிப்புகள் உண்டு, கண் உள்ளே நுழைந்து போகிறது. ஆப்பிளின் தோலில் அப்படி இடமில்லை; பார்வை வழுக்கி, மறுபடி சுவரில்தான் வந்து முட்டுகிறது.