கிணறும் உரிமையும்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியின் மணற்கரையில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஓரடி நன்னீருக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உண்டு. மேலே குறையின், அடியிலிருந்து உவர்நீர் எழும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், கிழக்குக் கரையோரக் கிணறுகளை மிகையாக இறைத்துத் தூய்மையாக்க முயன்றபோது, சிலவற்றில் உவர்ப்பே நீடித்தது.

எனவே, ‘என் காணி, என் கிணறு’ என்னும் வாதம் பாதி உண்மையே. கிணற்றுக்கட்டு ஒருவனுடையது, ஊற்றோ அயலானுக்கும் உரியது. ஆயினும், 2000ஆம் ஆண்டின் தேசிய நீர்வளக் கொள்கையை எதிர்த்தோரிடமும் நியாயம் இருந்தது. நீர் விலைப்பொருளாகிவிடும் என அவர்கள் அஞ்சினர்.

நிலத்தடி நீருக்கெனக் காப்பு வலயம் வகுப்பின், அது முதலில் யாரைக் கட்டுப்படுத்தும் என்பதே அறத்தின் வினா. உல்லாச விடுதியின் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வரம்பிட்டு, தோட்டக்காரனுக்கு உரிய பங்கை ஒதுக்கி, குடிநீர்க் குடத்துக்கு முதலிடம் அளிக்கும் சட்டமே நீதியாகும். குடத்துக்கு விலை குறித்து, இயந்திரத்துக்கு உரிமம் வழங்கும் சட்டம் காப்பன்று; கவர்தலே.