விமானியின் உறக்கமும் அரசின் செங்கோலும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் விமானிகள் போதாமல் அடுத்தடுத்து ரத்தாகி, 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை நின்றுபோய், பிரயாணிகள் நிலையங்களில் தவித்திருந்த வேளையில், விமானிகளின் ஓய்வைக் காப்பதற்கென்று தானே விதித்த இரவுப்பணி நியதிகள் சிலவற்றைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த ஒரு நிறுவனத்தின் பொருட்டு 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்திக் கொடுத்தது. வலியோர்க்கு வளைந்து கொடுக்கும் விதி விதியாகாது என்பதே நம் துணிபு.

அந்நியதிகள் அவசரத்தில் பிறந்தவை அல்ல. 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் அமலாக வேண்டியவை ஒத்திவைக்கப்பட்டு, டில்லி உயர் நீதிமன்றத்தில் விமானிகள் வழக்காடிய பின்னரே 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவு என்பது காலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீண்டது. இரவுப்பணியில் தரையிறங்கும் எண்ணிக்கை 6இலிருந்து 2ஆகக் குறைந்தது. பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை மனித தேகத்தின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் என்பது வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. சலுகைக் கடிதம் எதுவும் அதை மாற்ற வல்லதன்று. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 உயிர்களைப் பலிகொண்ட விபத்தில், தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்ததையும், உறக்கம் கலைந்த பின்னும் நீங்காத மந்தநிலையையும் விசாரணைக் குழுவே குறித்திருக்கிறது.

மனுநீதிச் சோழன் ஆண்ட திருவாரூர்ச் சீமையில் வாழ்கிறவர்களுக்கு, விதி எவர்பொருட்டும் வளையலாகாது என்னும் நியாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கன்றை இழந்த பசுவுக்கும் அரசகுமாரனுக்கும் ஒரே நீதி என்று சேக்கிழார் பாடினார். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டதை இளங்கோவடிகள் காட்டினார். நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் முறைப்படி பிரியவேண்டிய நீரை ஒருவருடைய செல்வாக்குக்காக ஒரு பக்கம் திருப்பிவிட்டால் கடைமடை காய்வது போன்றதே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்துவதும். விமானிகளின் சங்கம் இச்சலுகையைக் கண்டித்ததில் வியப்பில்லை. தாமே ஓட்டும் விமானத்தில் தம் உயிரும் இருப்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

திருமணத்துக்கும் சிகிச்சைக்கும் புறப்பட்டு வழியில் நின்றவர்களின் துயரம் மெய்யே. அதைத் தணிக்க அரசு முனைந்ததும் இயல்பே. ஆயினும் விமானிகளைப் போதிய அளவில் சேர்த்துக்கொள்ளக் கிடைத்த மாதங்களை வீணாக்கிய நிர்வாகத்தின் குற்றத்துக்கு, அடுத்த பிரயாணியின் பாதுகாப்பை ஈடாக வைப்பது தர்மமாகாது.

இந்த டெல்டா ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் செல்வோர் பலரும் திருச்சியிலேயே விமானம் ஏறுகிறார்கள். 2024 அக்டோபர் 11 அன்று அங்கிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு நேர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட்டு, 141 பிரயாணிகளும் பத்திரமாக இறங்கியது விமானிகளின் தெளிந்த விழிப்பினால்.

ஆகவே, இனி எந்த நிறுவனம் விலக்குக் கேட்டாலும் அம்மனுவையும், அதை ஏற்ற காரணத்தையும், விமானிகளின் கருத்தையும் மக்கள் அறிய இயக்குநரகம் வெளியிட வேண்டும். களைப்புற்றேன் என்று பணியை மறுக்கும் விமானிக்கு எவ்விதத் தண்டனையும் நேராதபடி அரசு காத்தல் வேண்டும்.