காட்டாத உதை

லண்டனின் குட்மேய்ஸ் பூங்காவில் சனிக்கிழமை தோறும் சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து மைதானங்களில் தம் இடது காலால் பெயரெடுத்தவர் என்பதும், யுத்தமும் இடப்பெயர்வும் அவருடைய ஆட்டத்தை இளமையிலேயே முடித்துவைத்தன என்பதும் இங்குள்ள தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் அறிந்த விஷயம். சென்ற வசந்தத்தில் ஒரு நாள், பத்து வயதுப் பையன் ஒருவன், தான் அடித்த பந்து மறுபடியும் கம்பத்துக்கு வெளியே போன ஏமாற்றத்தில், "மாமா, நீங்கள் ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டான். அவர் வந்தார், பந்தின் மேல் இடது காலை வைத்தார், உள்ளங்காலின் கீழ் அது சற்று முன்னே உருண்டது, சற்றுப் பின்னே உருண்டது, பிறகு அதைப் பையனிடமே தள்ளிவிட்டு, "அடிக்க முதல் நீ எங்க பார்த்தனி?" என்று கேட்டார். பையன் ஏதோ சொன்னான், பயிற்சி தொடர்ந்தது, மழை வந்து எல்லோரும் வீடு திரும்பினோம். பந்தின் அந்தச் சிறு உருளல் மாத்திரம் என்னை விடவில்லை.

அவர் காட்ட இயலாதவர் அல்லர். முழங்கால் நோவென்று சொல்லவும் இடமில்லை. சற்று முன்னர்தான் பிள்ளைகளோடு பூங்காவைச் சுற்றி ஓடிவந்திருந்தார். அடக்கம் என்று சொல்லி அமையலாம். ஆனால் அடக்கம் ஒன்றே காரணமாயின் அவர் பந்தின் அருகே வந்திருக்கவே வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்தே சிரித்து மறுத்திருக்கலாம். அவர் வந்தார் என்பதையும், காலை வைத்தார் என்பதையும், பந்து முதலில் முன்னோக்கியே உருண்டது என்பதையும் சேர்த்து யோசிக்கும்போது, அடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு கணம் அவருக்குள் எழுந்து பின் அடங்கிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை அடக்கியது எது?

இந்த நாட்டில் பழைய ஆட்டக்காரர் என்ற கீர்த்தி மட்டும் ஒருவரைப் பயிற்சியாளராக்கிவிடாது. ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் அறிமுகப் பாடம், குழந்தைப் பாதுகாப்புப் பாடம், முதலுதவி, குற்றப்பதிவுச் சோதனை ஆகிய யாவற்றையும் கடந்துதான் கூம்புகளை மைதானத்தில் வைக்கலாம். அதற்கு மேலே போக விரும்பினால் ஐரோப்பியச் சங்கத்தின் சி, பி, ஏ உரிமங்கள் படிப்படியாக நிற்கின்றன. 9 வயதுக்குட்பட்டோர் பக்கத்துக்கு 7 பேராகவும், 11 வயதுக்குட்பட்டோர் 9 பேராகவும் சிறிய மைதானங்களில் ஆட வேண்டும் என்று ஆங்கிலச் சங்கம் 2012-இல் தீர்மானித்ததன் நோக்கமே, ஒவ்வொரு குழந்தையும் பந்தை அதிக முறை தொட வேண்டும், தானே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான். ஆகவே, பையனுக்கு விடையைக் கொடாமல் வினாவைக் கொடுத்தது அவர் பாடத்தில் கற்ற முறை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கேட்ட கேள்வியைப் பாடம் விளக்கிவிடும். பந்து உருண்டதை அது விளக்காது.

என் பிள்ளைப் பிராயத்தில், நெல் அறுத்த வயல்களில் நாங்கள் பந்தடித்த மாசி மாத மாலைகளில், ஊரின் முன்னாள் வீரர் ஒருவர் சைக்கிளை வரம்பில் சாத்திவிட்டு இறங்கி வருவார். நாங்கள் கேட்க வேண்டியதே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலால் ஒரே ஒரு உதை உதைப்பார். பந்து நெஞ்சளவு உயரத்தில் வளைந்து சென்று, அவர் முன்கூட்டியே சொன்ன பனையின் அடியில் மோதும். அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு வெகு நேரம் நாங்கள் அந்தப் பனையைக் குறிவைத்து முயல்வோம், ஒருவருக்கும் வாய்த்ததில்லை. அவர் மகத்தானவர் என்பதையும் நாங்கள் அற்பர்கள் என்பதையும் தவிர அந்த உதையிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுமில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆயினும், என்னோடு படித்தவர்களின் முகங்களே மங்கிப்போன இந்த வயதிலும் அந்தப் பந்தின் வளைவு மங்காமல் நிற்கிறதே! அப்படி ஒன்றைக் காணும் பாக்கியம் குட்மேய்ஸ் பையனுக்கு மறுக்கப்பட்டதோ என்ற துக்கமும் எனக்கு உண்டு.

நன்னூலின் பாயிரத்தைப் பள்ளியில் உருப்போட்டது இப்போது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் ஒப்புச் சொன்ன பவணந்தி முனிவர், ஆசிரியன் ஆகத் தகாதவனுக்கும் நான்கு ஒப்புகள் சொல்கிறார். அவற்றுள் மடற்பனை ஒன்று. மட்டை கழிக்காத பனையில் எவரும் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. முதலில், கேட்டும் காட்டாத இந்த மனிதரையே மடற்பனை என்று நினைத்தேன். பிறகுதான், தம் மனம் போனபோது வந்து ஒரு பழத்தை உதிர்த்துவிட்டுப் போன எங்கள் ஊர் வீரரே அந்த வருணனைக்குப் பொருந்துகிறவர் என்று பட்டது. ஆனால் விழுந்த பழமும் இனிக்கத்தானே செய்தது?

கற்பிக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லாதவர்களும் உண்டு. 1974-இல் லண்டன் டோட்டன்ஹாம் அணியை இறுதியில் வென்று ஃபெயனூர்டுக்கு யூஃபா கோப்பை வாங்கித் தந்த டச்சுப் பயிற்சியாளர் வீல் கூர்வர், பெலே போன்றவர்களின் ஆட்டப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்களுடைய அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறுவர்களுக்குப் பழக்கினார். வித்தை பிறவி வரம் அன்று, பயின்று பெறுவது என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். தமிழ்நாட்டின் ராமன் விஜயன் இந்தியாவுக்கு ஆடி ஓய்ந்த பின் சிறுவர் பயிற்சிக்கூடம் ஒன்றை நிறுவியதும் அத்தகைய நம்பிக்கையினால்தான் இருக்க வேண்டும்.

குட்மேய்ஸுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் 1941-இல் பிறந்த ஆட்டக்காரர் பாபி மூரைப் பற்றிய ஒரு செய்திதான் என்னை இவர்கள் எல்லோரையும்விட அதிகம் தொந்தரவு செய்கிறது. வெஸ்ட் ஹாம் அணியின் தடுப்பாட்டக்காரர் மால்கம் அலிசன், தாம் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே மூர் உட்பட அங்கிருந்த பள்ளிச் சிறுவர்களுக்கு மாலைகளில் பயிற்சி அளித்தார். மைதானத்துக்கு அருகேயிருந்த கஸட்டாரி சிற்றுண்டிக் கடையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி ஆட்டத்தை விவாதித்தவர் அவர். மூருக்கு அவர் கொடுத்த பெரிய பாடம் ஓர் உதை அன்று. பந்து வருவதற்கு முன்பே, வந்தால் அதை யாருக்குத் தருவது என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம். 1957-இல் காச நோய் அலிசனின் ஒரு நுரையீரலைக் கொண்டுபோயிற்று. தேறி வந்து, 1958 செப்டம்பர் 8-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஆடலாம் என்று அவர் காத்திருந்த இடம், 17 வயதான அவருடைய சிஷ்யனுக்குக் கொடுக்கப்பட்டது. அன்று வெஸ்ட் ஹாம் 3-2 என்று வென்றது. மூர் 1966-இல் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். அலிசன் அந்த அணியின் முதல் வரிசையில் லீக் ஆட்டம் பிறகு ஆடவே இல்லை.

கொடுப்பவன் தன்னிடம் உள்ளதைத்தான் கொடுக்கிறான் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அலிசனோ, தம் இடத்தையே எடுத்துக்கொள்ளப் போகிறவனைத் தாமே தயார் செய்தார்; அதைச் செய்த காலத்தில் அவருக்கு நோயும் இல்லை, ஆட்டத்தைத் துறக்கும் எண்ணமும் இல்லை. ஆகவே, ஆசையைத் துறந்த பின்புதான் ஒருவன் ஆசிரியனாகிறான் என்ற என் பழைய கொள்கை நிற்கவில்லை. ஆசை இருந்துகொண்டே இருக்கும், கற்பிப்பதும் நடந்துகொண்டே இருக்கும் போலும். இடையில் ஒரு கணத்துக்குள் பந்து முன்னும் பின்னும் உருளும். அது தியாகமா, சங்கோசமா, இழந்துவிட்டதைத் தொட்டுப் பார்க்கும் வேதனையா என்று வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

இதை நான் விளையாட்டைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. என் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எழுதப் பழக்குகிறேன். இகரத்தின் சுழி அவளுக்கு வருவதில்லை. பென்சிலை நீட்டி, எழுதிக் காட்டச் சொல்கிறாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒரு காலத்தில் பலர் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் காட்டும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷம் அவளுக்காகவா, எனக்காகவா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. சென்ற வாரம் காட்டவில்லை. அவள் சலித்துப்போய் எழுந்து சென்றாள். இந்த வாரம் காட்டினேன். பார்த்துச் சிரித்தாள், பிறகு தானாக எழுதியது முன்போலவே கோணலாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதைச் செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.