கருவி காணாமல் போகவில்லை, தம்பி!

"இதுல கோடு போடுற டூலே இல்ல!" படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளை முதன்முதலாகத் திறக்கும் பிள்ளைகள் பலர் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் அதை மூடுகிறார்கள். அடுத்து வரும் பேச்சு இன்னும் கொடுமை: "நமக்கு இதெல்லாம் வராது."

வராது என்று யார் சொன்னது? தம்பி, தங்கையே, கோடு அங்கேதான் இருக்கிறது. பென்சிலை எடு. ஓரிடத்தில் ஒரு கிளிக். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இன்னோரிடத்தில் ஒரு கிளிக். விழுந்ததா நேர்கோடு? வட்டம் வேண்டுமா? நீள்வட்டத் தேர்வுக் கருவியை இழுக்கத் தொடங்கிவிட்டு ஷிஃப்டை அழுத்து. பிறகு எடிட் மெனுவில் ஸ்ட்ரோக் செலக்‌ஷன் கொடு. வளையம் வந்து நிற்கும்.

மற்றக் கருவிகளும் ஒளிந்துதான் இருக்கின்றன. 2020இல் வந்த ஜிம்ப் 2.10.18 பதிப்பிலிருந்து, ஒத்த கருவிகளை ஒரே பொத்தானுக்குள் அடுக்கிவிட்டார்கள். ஒன்று மட்டுமே வெளியே தெரியும். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடி, மற்றவை வரிசையாக வெளியே வரும். டேப் விசையில் கை பட்டால் கருவிப்பெட்டியே மறைந்துபோகும்; மறுபடி டேப்பைத் தட்டு, திரும்பி வரும். எதுவும் அகப்படவில்லையா? சாய்கோட்டு விசையைத் தட்டிக் கருவியின் பெயரை எழுது, தேடிக் கொடுக்கும். இது தெரியாமல் மென்பொருளையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஒரே ஒரு விசைக்கா இவ்வளவு பயம்?

பயப்பட இங்கே என்ன இருக்கிறது? தையல்காரர் தப்பாக வெட்டிய துணி மறுபடி ஒட்டாது. உனக்கோ கன்ட்ரோல் இசட் இருக்கிறது! அழுத்து, தப்பு போய்விடும். மூலப்படத்தைத் தொடாதே, நகலில் வேலை செய். எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால் லேயர்கள் (பட அடுக்குகள்) கலையாமல் நிற்கும். அனுப்புவதற்கு வேண்டிய ஜேபெக்கைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்துகொள். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஒவ்வொரு பொத்தானையும் துணிந்து அழுத்திப் பார்!

ஜிம்ப்பை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள். 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கையில் எடுத்து, 1996இல் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். பொத்தான்களையும் சாளரங்களையும் வரைய அவர்கள் எழுதிய ஜிடிகே நிரல்தொகுப்பின்மேல்தான் பிறகு லினக்ஸின் க்னோம் திரையே எழுந்தது. ஃபோட்டோஷாப்பும் அப்படிப் பிறந்ததுதான்: 1987இல் தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர், கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டும் மேக் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட எழுதிய நிரல்! மாணவர்களால் படைக்க முடிந்ததை, மாணவனான உன்னால் பயன்படுத்தக்கூட முடியாதா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் விழுங்க வேண்டாம். முதலில் கிராப், வேண்டாததை வெட்டி எறிய. அடுத்து லெவல்ஸ். கலர்ஸ் மெனுவில் அதைத் திறந்தால் கரிய மலைத்தொடர் போல ஒரு வரைபடம் தெரியும். அதன் இரு முனைகளிலும் உள்ள முக்கோணங்களை, மலை தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்து. மங்கிக் கிடந்த படம் சட்டென்று வெளுத்துத் துலங்கும். நூறு ஃபில்டர்களைவிட இந்த ஒன்றைக் கற்றவன் பெரியவன் என்பேன். பிறகு எழுத்துக் கருவி. யூனிகோட் தமிழ் கொம்பும் காலும் பிசகாமல் அதில் அமரும்.

இன்றிரவே வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கீறல் விழுந்த பழைய படத்தைப் போனில் எடுத்துக் கணினிக்கு மாற்று. ஹீலிங் கருவியை எடு. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, பழுதில்லாத இடத்தில் ஒரு கிளிக். பிறகு கன்ட்ரோலை விட்டுக் கீறலின்மேல் தேய். சரியாக வரவில்லையா? கன்ட்ரோல் இசட். மறுபடி தேய். கீறல் மறையும்வரை அந்த நாற்காலியை விட்டு எழாதே!