சும்மா இருக்கும் உரிமை

எனக்கு 49 வயதானபோதுதான் முதன்முறையாக ஓர் ஆற்றங்கரையில் இரவு 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்தேன். ஊர் சிங்கப்பூர். தங்கை வீட்டுக்கு ஒரு மாதம் தங்கப் போயிருந்தேன். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, போட் கீயின் உணவகங்களைக் கடந்து, கேவனா பாலத்தின் அருகே ஒரு கல் திண்டில் உட்கார்ந்துகொண்டேன். எதிரே முன்னொரு காலத்தில் தலைமை அஞ்சலகமாக இருந்து இப்போது ஓட்டலாகிவிட்ட ஃபுல்லர்டன் கட்டடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். அதையும் தாண்டிப் போனால் முள்நாறிப் பழம் போன்ற கூரையுடைய எஸ்பிளனேட் கலையரங்கம், வாயிலிருந்து நீர் கொட்டும் மெர்லயன். எல்லாவற்றின் வெளிச்சமும் தண்ணீரில் விழுந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரம் இருந்தேன். யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று எனக்கே தெரியவில்லை.

நான் திருச்சிக்காரி. ஆறு எனக்குப் புதிதல்ல. அம்மா மண்டபம் படித்துறையில் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று காப்பரிசியும் காதோலை கருகமணியுமாகப் பாட்டியோடு போயிருக்கிறேன். மஞ்சள் கயிறு மாற்றப் போயிருக்கிறேன். அப்பாவின் திவசத்துக்குப் போயிருக்கிறேன். ஆனால் சும்மா போனதில்லை. குளிக்க, துவைக்க, கும்பிட, கரைக்க என்று ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். காரணம் முடிந்ததும் வீடு திரும்பிவிட வேண்டும். அதே காவிரிப் பாலத்தில் மாலை நேரத்தில் காற்று வாங்க நிற்கும் ஆண்களிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

‘சும்மா’ என்ற சொல்லை நம் மொழி மூன்று விதமாகப் புழங்குகிறது. எங்கள் ஊர்த் தாயுமானவர் போன்ற ஞானிகளுக்குச் சும்மா இருத்தல் என்பது அடைவதற்கு அரிய நிலை. ஒரு பெண்ணிடம் ‘சும்மா இரு’ என்றால் வாயை மூடு என்று பொருள். விடிந்தது முதல் இரவு வரை உழைப்பவளைப் பற்றி யாராவது விசாரித்தால், ‘வீட்டுலதான் சும்மா இருக்கா’ என்று பதில் வரும். ஞானமாகவும் அதட்டலாகவும் அவமதிப்பாகவும் இருக்கும் இந்தச் சொல், அதன் மிக எளிய பொருளில், அதாவது ஒரு வேலையுமில்லாமல் ஓரிடத்தில் இருப்பது என்ற பொருளில், பெண்ணுக்குக் கிடைப்பதேயில்லை. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பைப் பெண்களின் பொதுவெளி அனுபவத்தை ஆராய்ந்து 2011இல் ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதினார்கள். பாதுகாப்பைக் கேட்பதைவிட, காரணமில்லாமல் வெளியில் இருக்கும் உரிமையைப் பெண்கள் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அன்றிரவு அந்தத் திண்டில் உட்கார்ந்து, இதோ எனக்கு அது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு நான்கு நாள்கூட நிற்கவில்லை. அது ஏன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதல் காரணம் அந்த ஆறே. அதன் நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சிங்கப்பூர் வணிகத்தின் தொண்டைக்குழி அதுதான். கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்த படகுகளைத் தொடக்க காலத்தில் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள். அருகில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நம் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்தின் பாலத்தை, 1869இல், எழுப்பிய கைகள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளுடையவை. பிறகு ஆறு அழுக்கேறிச் சாக்கடையானது. 1977இல் அரசு துப்புரவுப் பணியைத் தொடங்கி 1987இல் முடித்தது. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், குடிசைகள், பட்டறைகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அகற்றப்பட்டன. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. பலருக்கு மாற்று வீடும் மாற்றுக் கடையும் கிடைத்தன; அதை மறைக்கக் கூடாது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்த நீர் நகரத்தின் குடிநீர்த் தேக்கத்தில் சேர்ந்துவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் போன பிறகுதான் ஆற்றை வேடிக்கை பார்ப்பவர்கள் வர முடிந்தது.

போனவர்கள் இப்போது வெண்கலத்தில் நிற்கிறார்கள். பேரம் பேசும் வணிகர்கள், மூட்டை தூக்கும் கூலிகள், ஒரு செட்டியார். கேவனா பாலத்தின் அருகே ஐந்து சிறுவர்கள் அம்மணமாக ஆற்றில் குதிக்கும் சிலைகள் இருக்கின்றன. சோங் ஃபா சியோங் 2000இல் செய்தவை. அழகான சிலைகள். எல்லோரும் அங்கே படமெடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அப்போது தோன்றியது: அந்தக் காலத்தில் அந்தச் சிறுவர்களின் அக்கா தங்கைகள் எங்கே இருந்திருப்பார்கள்? செட்டியார் சிங்கப்பூரில் கணக்கெழுதிய மூன்று ஆண்டுகளும் செட்டிநாட்டு வீட்டையும் மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஆச்சிக்கு எங்கே சிலை? ஆற்றின் மேல்பக்கத்தில், ராபர்ட்சன் கீயில், அல்காஃப் பாலம் இருக்கிறது. பிலிப்பினோ ஓவியர் பசீட்டா அபாத் புற்றுநோயோடு போராடிக்கொண்டே 2004இல் அந்தப் பாலம் முழுவதையும் வண்ண வட்டங்களால் நிரப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தும் போனார். அந்த ஆற்றின் மேல் ஒரு பெண்ணின் கை பட்ட இடம் என்று என்னால் சுட்ட முடிந்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது காரணம், அங்கே சும்மா இருப்பதற்கும் விதிகள் இருக்கின்றன. 2015 முதல் இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தத் தடை. அதே கரையில், காசு கொடுத்து நாற்காலி பிடித்தவர்கள் மதுக்கடைக்குள் குடிக்கலாம். நான் அந்தத் திண்டில் எவ்வளவு நேரமும் உட்காரலாம். ஆனால் ஒரு கோரிக்கையை அட்டையில் எழுதிப் பிடித்தால், தனி ஆளாக இருந்தாலும் காவல்துறையின் அனுமதி வேண்டும். அதற்கென ஒதுக்கிய பேச்சாளர் முனை, நடந்து போகும் தூரத்தில், ஹாங் லிம் பூங்காவில் இருக்கிறது. வெளிநாட்டார் அங்கும் கலந்துகொள்ள முடியாது. அப்படியென்றால் எனக்குக் கிடைத்தது உரிமையா, நடத்தைக்குப் பரிசாகக் கிடைத்த சலுகையா? உரிமை என்றால் அதைக் கேட்டு வாங்கியவர்கள் இருப்பார்கள். பறித்தால் மறுபடியும் கேட்க ஓரிடம் இருக்கும். அந்த இரவு எனக்குப் பயமில்லாமல் இருந்தது உண்மை. பயமில்லாமல் இருப்பதும் சுதந்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதும் உண்மை.

மூன்றாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

தங்கை வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் தமிழ்நாட்டுக்காரர். பட்டுக்கோட்டைப் பக்கம். வயது 34. வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் அவருடைய 11 வயது மகளை அவருடைய அம்மா வளர்க்கிறார். ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்று அழைத்தார்: ஒரு பெண் வேலைக்குப் போக இன்னொரு பெண் அவள் பிள்ளையைப் பார்க்கிறாள், அந்த இன்னொருத்தியின் பிள்ளையை மூன்றாவது ஒரு பெண் பார்க்கிறாள். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவளுக்குச் சம்பளமே இல்லை.

நான் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“ராத்திரியில இவ்வளவு நல்லா இருக்குமாக்கா?” என்றார்.

“நீ பார்த்ததில்லையா?”

“பகல்ல ஒரு தடவை போயிருக்கேன். லீவு நாள்ல ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்ல.”

சிங்கப்பூரில் 2,50,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாளாவது, பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு என்ற விதி 2023இல்தான் வந்தது. அந்த நாள் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள் சொல்வதுதான். விளக்குகள் ஏற்றப்படும் நேரத்துக்கு அவர் சமையலறைக்குத் திரும்பியிருப்பார். நான் 11 மணிக்கு ஆற்றங்கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, பிள்ளைகளின் அறையில் அவர்களுக்குக் காவலாகப் படுத்திருந்தார்.

தங்கையிடம் பேசினேன். அவள் கெட்டவள் அல்ல. அவரை நல்லபடி நடத்துகிறாள், சம்பளம் தவறுவதில்லை. “உனக்குத் தெரியாதுக்கா. சேர்க்கை சரியில்லாமப் போயிடும். யாரோடயாவது பழகி ஏதாவது ஆயிடுச்சுன்னா? பாண்டு போட்டிருக்கோம். அவளை நம்பாம இல்ல, வெளி உலகத்தத்தான் நம்ப முடியல” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மனப்பாடம். 1990களில் நானும் அவளும் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்பா சொன்னது அதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை. பணிப்பெண் கர்ப்பமானால் முதலாளியின் பிணைத்தொகை பறிபோகாது என்று 2010இலேயே விதி மாறிவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை நடக்கிறது. கர்ப்பமானால் ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். அரசு சந்தேகப்படும் ஓர் உடலை வீட்டுக்காரி காவல் காக்கிறாள். அவள் கணவர் இரவு 9 மணிக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். காவலின் பழி அவர்மேல் விழுவதில்லை. தங்கையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளை வளர்ப்பை ஒரு பெண்ணின் பொறுப்பு என்று எழுதிவைத்த ஏற்பாடு, அவள் அதை இன்னொரு பெண்ணிடம் கைமாற்றிய பிறகும், கண்காணிப்பை அவளிடமே விட்டுவைத்திருக்கிறது.

சரி, நான் அந்த இரவை அனுபவித்தது தவறா? இல்லை என்றே நினைக்கிறேன். நான் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. குற்றவுணர்வில் என் சுதந்திரத்தைச் சுருக்கிக்கொள்வது, பெண்கள் காலம்காலமாகச் செய்யும் இன்னொரு நோன்புதான். ஆனால் எனக்குக் கிடைத்ததை ‘பெண்களுக்குக் கிடைத்தது’ என்று நான் எழுதினால் அது பொய். மும்பை நூலின் ஆசிரியர்கள் அழுத்திச் சொல்லும் இன்னொன்று இங்கே பொருந்துகிறது: ஏழைகளையும் வெளியூர்த் தொழிலாளிகளையும் அப்புறப்படுத்தி நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தேடினால், அது யாருக்குமான பாதுகாப்பல்ல. அந்தக் கரையின் கட்டடங்களை எழுப்பிய நம் ஊர் இளைஞர்கள் பலர் நகர ஓரத்து விடுதிகளில் வாழ்கிறார்கள். 2020இல் தொற்றுக் காலத்தில் அங்கே அடைக்கப்பட்டவர்கள், நகரம் திறந்த பிறகும் நெடுநாள் வெளியே வர அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை உற்றுப் பார்க்க யாரும் இல்லை என்று நான் மகிழ்ந்த அந்த இரவில், யார் யார் அங்கே இல்லை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சலுகையா உரிமையா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே சோதனை, அதைப் பகிர்ந்து பார்ப்பது. எனவே கிளம்புவதற்கு முந்தைய வாரம் தங்கையிடம், “சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். அவ போயிட்டு வரட்டும். தனியாப் போகட்டும்” என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சரி என்றாள்.

அவர் 6 மணிக்குக் கிளம்பினார். பிள்ளைகளுக்குச் சோறூட்டி, கதை சொல்லித் தூங்கவைத்தேன். மணி 9 ஆனது. 9.30 ஆனது. நான் பால்கனிக்கும் கதவுக்கும் நடக்கத் தொடங்கினேன். போன் செய்யலாமா என்று மூன்று முறை கையில் எடுத்தேன். தங்கை சோபாவில் இருந்தபடி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இத்தனை படித்து, இத்தனை எழுதி, இரண்டு மணி நேரத்தில் நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

10.40க்கு வந்தார். செருப்பைக் கழற்றி வைத்தார்.

“எங்கெல்லாம் போனே?” என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“எங்கயும் போகலக்கா. அந்தப் பாலத்துக்கிட்ட சும்மா உட்கார்ந்திருந்தேன்” என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த மாத ஓய்வு நாளில் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்வதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். நான் ஊருக்கு வந்துவிட்டேன். பேசினார்களா என்று இன்னும் கேட்கவில்லை, கேட்க வேண்டும்.