தடுமாறிப் பெற்ற வெற்றி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைப்பகுதியில் அமைந்துள்ளது அகளி. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக அங்கே செல்லலாம். தமிழ், மலையாளம், பழங்குடி மக்களின் மொழிகள் யாவும் அதன் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும். ஒருநாள் மாலை அங்கே ஒரு தேநீர்க் கடையில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். ஜீப் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் இறங்கினர். அவர்களுடைய கல்லூரி அணி அன்று கால்பந்துப் போட்டியில் 1-0 என்ற கணக்கில் வென்றிருந்தது. ஆனால் ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை.

"ஜெயித்தோம் சாமி, ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. பந்து முழுநேரமும் அவர்கள் காலில்தான் இருந்தது" என்றான் ஒருவன்.

"நாளைக்குப் பட்டியலில் 'தடுமாறி ஜெயித்தார்கள்' என்றா எழுதப் போகிறார்கள்? ஜெயித்தது ஜெயித்ததுதான்" என்றான் மற்றொருவன்.

சற்றுத் தள்ளி ஓர் இளைஞன் தனியே அமர்ந்திருந்தான். அவன் உதைத்த பந்துதான் எதிரணி வீரர் ஒருவரின் காலில் பட்டுத் திசைமாறி வலைக்குள் சென்றதாம். "அது உன் கோல் இல்லையடா, அவன் போட்டுக் கொடுத்தது" என்று கூட வந்தவர்கள் கேலி செய்தனர். அவன் தலை நிமிரவில்லை. அதற்குள் பேருந்து வந்துவிட்டது. ஆனால் அவர்களின் வாதம் என்னோடு பயணம் செய்தது. வெற்றி கிடைத்த பின்னும் மனம் நிறைவடையாமல் இருப்பது நன்றிகெட்ட தன்மையா, நேர்மையா?

மயிரிழையில் மாறும் முடிவு

அகளியிலிருந்து மலையிறங்கி, மன்னார்க்காட்டைக் கடந்து மேற்கே சென்றால் மலப்புறம் மாவட்டம். அங்கே மஞ்சேரியை அடுத்த பய்யநாடு மைதானத்தில் 2022 மே 2-ஆம் நாள் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் கர்நாடகத்தை 7-3 என்று வென்றிருந்த கேரள அணி, வங்காள அணியை எதிர்கொண்டது. அதே வங்காளத்தை முதல் சுற்றில் 2-0 என்று கேரளம் வென்றிருந்தது. எனவே எளிதான வெற்றியைச் சொந்த மண்ணின் ரசிகர்கள் எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை.

நடந்தது வேறு. வழக்கமான 90 நிமிடங்களில் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில் வங்காளம் முந்தியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கேரளம் சமன் செய்தது. பின்னர் பெனால்டி உதைகளில் 5-4 என்று வென்று ஏழாவது முறையாகக் கோப்பையைப் பெற்றது. வங்காளத்தின் ஓர் உதை தவறியது. அந்த ஒன்றே வேறுபாடு.

2024 டிசம்பர் 31-ஆம் நாள் ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியிலும் இவ்விரு அணிகளே மோதின. இம்முறை ஆட்டம் முடியும் தறுவாயில் வங்காளம் ஒரு கோல் அடித்தது. 1-0 என்று கேரளம் தோற்றது.

இரண்டிலும் இடைவெளி ஒரு பந்தின் அளவே. ஆனால் நம் மனம் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைக்கிறது. நூலிழை நமக்குச் சாதகமாக இருந்தால் அதை 'மன உறுதி' என்கிறோம். பாதகமாக இருந்தால் 'விதி' என்கிறோம். வெற்றியைத் தகுதியின் கணக்கிலும் தோல்வியைத் தற்செயலின் கணக்கிலும் எழுதும் இந்தப் பழக்கம், விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை.

நான் பெற்ற ஒரு வெற்றி

முதுகலையில் தத்துவம் பயின்றபோது, ஒரு தேர்வுக்கு ஐந்து பகுதிகளில் மூன்றை மட்டுமே படித்துச் சென்றேன். என் நல்ல காலம், நான் படித்தவற்றிலிருந்தே போதிய வினாக்கள் வந்தன. உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. எல்லோரும் பாராட்டினர், நானும் அவர்கள் சொன்னதை நம்பிவிட்டேன். படிக்காமல் விட்ட பகுதிகளை அதன்பின் திறக்கவே இல்லை. அவற்றுள் ஒன்று நியாய சாஸ்திரத்தின் அனுமானப் பகுதி.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலை மொழிபெயர்க்கும் பணி என்னிடம் வந்தது. அதில் ஒரு பக்கத்தில் நாள்கணக்கில் தேங்கி நின்றேன். சொற்கள் தெரிந்தன, வாதம் பிடிபடவில்லை. அன்று கைவிட்ட அதே அனுமானப் பகுதி! தோற்றிருந்தால் மீண்டும் படித்திருப்பேன். வெற்றி எனக்குச் செய்த தீமை அது.

நன்றாக ஆடி வெல்லும்போது செயலும் பயனும் ஒன்றாகவே தோன்றுகின்றன. தோற்கும்போதோ துயரம் கண்ணை மறைக்கிறது. தடுமாறி வெல்லும்போதுதான் இரண்டும் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன. செயலில் நமக்கு உரிமை உண்டு, பயன் நம் கையில் இல்லை என்று கீதை கூறுவதை அனுபவமாக உணரக் கிடைக்கும் அரிய வாய்ப்பு அது. "ஜெயித்தது ஜெயித்ததுதான்" என்று சொல்பவர் அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையின் மீது எறிந்து குறிதவறிய வேலை ஏந்துவது இனிது என்பது வள்ளுவர் கருத்து. பண்டைய மேலைநாட்டு ஸ்டோயிக் அறிஞர்களும் வில்லாளியை உவமையாகக் காட்டினர்: நேராகக் குறிபார்த்து எய்வதே அவன் கடமை, அம்பு இலக்கில் தைப்பது அவன் வசத்தில் இல்லை.

இருவகை அதிருப்தி

அப்படியானால் குறைப்பட்டுக்கொண்ட மாணவன் சொன்னதே சரியா? பாதிதான் சரி. அதிருப்தியில் இருவகை உண்டு. "இவர்களையெல்லாம் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றிருக்க வேண்டாமா?" என்பது ஒருவகை. இது அகந்தையின் குரல். எதிரணியின் உழைப்பை இது காண்பதே இல்லை. "இன்ன இடத்தில் தவறினோம், அவர்கள் நம்மைவிட நன்றாக ஆடினார்கள்" என்பது மற்றொரு வகை. இது செயலின்மீது கொண்ட அன்பு. மறுநாள் பயிற்சியாக மாறுவது.

ரசிகனுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வீரனின் அதிருப்தி பயிற்சியாக மாறலாம். ரசிகன் மறுநாள் மைதானத்தில் ஓடப்போவதில்லை. எங்கும் போக வழியில்லாத அவனுடைய அதிருப்தி எளிதில் பிறர்மீது பாய்கிறது. அகளியில் அந்த இளைஞன் மீது பாய்ந்ததும் அதுவே. ஆகவே பார்வையாளனுக்கும் ஒரு சாதனை உண்டு: உண்மையை மறைக்காதிருத்தல், எதிரணியை மனமாரப் பாராட்டுதல், தன் ஏமாற்றத்தைச் சுமக்க வேறொருவன் தோளைத் தேடாதிருத்தல்.

அன்று அந்த இளைஞனிடம் நான் ஏதும் பேசவில்லை. அந்தக் குறை இன்னும் எனக்கு உண்டு. இன்று சந்தித்தால் இவ்வளவுதான் சொல்வேன்: "தம்பி, பந்து திசைமாறியது உன் செயல் அல்ல. அதற்காகப் பெருமைப்படவும் வேண்டாம், நாணவும் வேண்டாம். ஆனால் அந்த இடத்திற்கு ஓடி வந்ததும், உதைக்கத் துணிந்ததும் நீதான். அது உன்னுடையது, அதை யாரும் கேலி செய்து பறிக்க முடியாது. நாளை மீண்டும் மைதானத்திற்குப் போ."

நம் வாழ்விலும் தடுமாறிப் பெற்ற வெற்றிகள் பல இருக்கும். அவற்றை நன்றியோடு ஏற்போம். அன்றிரவே, ஒருவரும் அறியாமல், விட்டுப்போன பாடத்தையும் திறந்து வைப்போம்.