பெற்றோருக்குச் செலவிடுவது தருமமா, கடனா?

தியாகராய நகரில் ஓர் அடுக்கு வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவியை இழந்த முதியவர் ஒருவர் தனித்து வாழ்கிறார். மூத்த மகன் துபாயில், இளையவன் பெங்களூரில், மகள் அடையாற்றில் புகுந்த வீட்டில். ஒரு நாள் வாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிடுகிறார். அன்றிரவு மக்கள் மூவரும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: "முதியோர் இல்லத்துக்கு எவ்வளவு ஆகும்?"

இது நாம் கற்பித்துக்கொண்ட குடும்பம். ஆயினும் இக்கேள்வி நம் இல்லங்களுக்குப் புதிதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

கேள்வியில் பிழையில்லை; அதற்குக் கிடைக்கும் முதல் விடைதான் முழுமையற்றது. இல்லத்தார் சொல்லும் மாதக் கட்டணம் பெரும்பாலும் இருப்பிடத்துக்கும் உணவுக்கும் உரியது. முதியவர் படுக்கையில் விழுந்தால் ஆயாவின் சம்பளம், மருந்து, மருத்துவமனைச் செலவு ஆகியவை தனியே வந்து சேரும். முன்பணம் திரும்பி வருமா, அல்லது 'நன்கொடை' என்ற பெயரில் கரைந்துபோகுமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். திரும்பி வருமாயின், அது யாருடைய பணம்? வாப்பாவின் பணமாயின், அவருக்குப் பின் வாரிசுகள் அனைவருக்கும் உரிய சொத்து. மகன் கடனாகக் கொடுத்ததாயின், அதையும் அன்றே எழுதி வைப்பது நலம். எழுதாத கணக்கு உடன்பிறந்தாரைப் பகையாக்கிவிடும்.

நாட்டின் சட்டமும் இதில் தலையிட்டிருக்கிறது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையை மக்கள் தர வேண்டுமென உத்தரவாகலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த வீட்டை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்கவும் அச்சட்டத்தில் வழியுண்டு. மற்றொரு சட்டத்தையும் பாருங்கள்: அறக்கட்டளைகள் நடத்தும் முதியோர் இல்லங்களில் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு 2018 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பிள்ளையிடம் கேட்டுப் பெறக்கூடிய உச்சவரம்பு பத்தாயிரம். அற நிலையக் கட்டணம் என்று அரசே ஒப்புக்கொள்ளும் வரம்பு இருபத்தையாயிரம். இடையே உள்ள பதினையாயிரத்தை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது. அதை மனச்சான்றுதான் தர வேண்டும்.

இங்கே மார்க்கம் நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. வசதியுள்ள ஒருவர் தம் ஜக்காத்தை ஏழைப் பெற்றோருக்குக் கொடுக்க இயலாது என்பது ஹனபி, ஷாபி இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. ஏன்? அவர்களைப் பராமரிப்பது ஏற்கெனவே அவர் மீதுள்ள கடமை. ஜக்காத்தைக் கொண்டு அக்கடமையைத் தீர்த்தால், தம் பணத்தைத் தமக்கே மிச்சப்படுத்திக்கொண்டதாகிவிடும். ஆகவே இல்லக் கட்டணம் செலுத்தும் மகன் தருமம் செய்பவன் அல்லன், கடன் தீர்ப்பவன். "நான்தானே கட்டுகிறேன்" என்று சொல்லும் உரிமை கடனாளிக்கு இல்லை.

அப்படியானால் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பாவமா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. திருமறையின் பதினேழாம் அத்தியாயம், பெற்றோர் முதுமையடைவதைப் பேசும்போது "உன்னிடத்தில்" என்ற பொருள்படும் சொல்லை ஆள்கிறது. அச்சொல் கூரையை மட்டுமின்றிப் பொறுப்பையும் குறிப்பதாக நான் கொள்கிறேன். மூன்றாம் மாடியில் பூட்டிய கதவுக்குள் விழுந்து கிடப்பதைவிட, கைதாங்க ஆளுள்ள இடம் மேலானதாக இருக்கலாம். ஆனால் அங்கே போக வாப்பா மனமொப்பினாரா? அவர் தொழவும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவும், ஹலாலான உணவு உண்ணவும் வழி உண்டா? வாரந்தோறும் போய்ப் பார்ப்பவர் யார்? இவற்றுக்கு விடையில்லாத இடத்தில், கட்டணம் முழுவதும் செலுத்தியும் கடன் அப்படியே நிற்கிறது.

மூவரும் மறுபடி தொலைபேசியை எடுக்கட்டும். இம்முறை நான்காவதாக வாப்பாவையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளட்டும். எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன், அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.